26-12-2603

எங்கள் பெரியப்பா பிறந்தது 2603ஆம் ஆண்டு டிசம்பர் 26. தட்டச்சுப் பிழை இல்லை, அவருடைய பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான்காக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் யாரோ செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் தேன் நிறத்துக்கு மாறிப்போன ஒரு காகிதம். பெரியம்மா அதை ஒரு பழைய மைலோ டின்னுக்குள் போட்டு, அந்த டின்னை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருந்தார். திருடன் வந்தால் முதலில் அரிசியைத்தான் எடுப்பான் என்பது அவருடைய கணக்கு.

சில வருஷங்களுக்கு முன் பேரன் விஷயமாக ஏதோ விண்ணப்பத்துக்கு அந்தப் பத்திரம் தேவைப்பட்டது. நான்தான் பெரியப்பாவைக் காரில் அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த இளம்பெண் காகிதத்தைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். “அங்கிள், நீங்க பிறக்க இன்னும் ஐந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கே” என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் வேலை நடக்கவில்லை. இரண்டாவது கவுண்டர், மூன்றாவது கவுண்டர், மேல்மாடி, திரும்ப முதல் கவுண்டர். ஐசி (அடையாள அட்டை) எண் 431226 என்று, அதாவது 43 டிசம்பர் 26 என்று, தொடங்குகிறது, கண்ணெதிரே இருக்கிறது, இருந்தாலும் அந்த 2603ஐ எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஓய்வு பெறப் போகும் வயதில் இருந்த ஒரு சீனப் பெரியவர் உள்ளேயிருந்து வந்து, ஒரே பார்வையில், “ஆ, ஜப்பான் காலம்” என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவை, அதாவது இன்றைய தீபகற்ப மலேசியாவை, பிடித்ததும் தன் ஆண்டுக் கணக்கையும் கொண்டுவந்தான். ஜிம்மு என்ற அவர்களுடைய முதல் பேரரசர், புராணப்படி, கிறிஸ்து பிறப்பதற்கு 660 ஆண்டுகள் முன்பு பட்டத்துக்கு வந்தார். அதிலிருந்து எண்ணினால் 1942 என்பது 2602, 1943 என்பது 2603. நோட்டு மாறியது (வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு எங்கள் வீட்டிலேயே இரண்டு இருந்தது, சின்ன வயதில் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடித் தொலைத்துவிட்டோம், இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது), ஆண்டு மாறியது, கடிகாரமும் மாறியது. கடிகாரம் மாறிய கதை பலருக்குத் தெரியாது. தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி. அதற்கு முன்பிருந்த மலாயா நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல். டிசம்பர் மாதத்தில் பினாங்கில் கடிகாரம் எட்டு அடித்த பிறகும் வெளியே இருட்டாக இருந்திருக்கும்.

இதில் மாட்டிக்கொண்டது பெரியப்பாவின் ஜாதகம். ராத்திரி எட்டரை மணிக்குப் பிறந்தார் என்று பாட்டி சொல்லிவைத்திருந்தார். பல வருஷம் கழித்து ஒரு ஜோசியர் அந்த எட்டரையை அப்படியே வைத்துக் கட்டம் போட்டுக் கடக லக்னம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதை நம்பித்தான் கல்யாணம், வீடு எல்லாம். பிறகு பட்டவொர்த்தில் இன்னொருவர், விவரம் தெரிந்தவர், “ஐயா பிறந்தது ஜப்பான் நேரமா, நம்ம நேரமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜப்பான் நேரம் எட்டரை என்றால் மலாயா நேரம் ஏழு. ஒன்றரை மணி நேரம் பின்னால் போனால் லக்னம் நிற்குமா? மிதுனத்துக்குப் போய்விட்டது. நாற்பது வருஷமாக வேறொருவருடைய பலனைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். “ரெண்டையும் வச்சிருக்கேன், எதுல நல்லது போட்டிருக்கோ அத எடுத்துக்குவேன்” என்றார். நட்சத்திரம் மட்டும் இரண்டிலும் மூலம்தான். “ஆண் மூலம் அரசாளும்” என்பார்கள். இவர் முப்பத்தெட்டு வருஷம் லோரி ஓட்டினார். (அந்தப் பழமொழியின் இரண்டாவது பாதி பெண்களைப் பற்றியது. அதை நம்பி எத்தனை பேர் கல்யாணம் தட்டிப் போனதோ, இங்கே எழுதப் போவதில்லை.)

சரி, இவ்வளவு பீடிகை எதற்கு என்றால், நான் மூன்று வருஷமாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ போடுகிற ஆள். என் மகள் புலனம் என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பாள், பள்ளியில் அப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். குழுவில் 57 பேர். ஈப்போ, கிள்ளான், சிரம்பான், சென்னை, ஒருவர் மெல்பர்னில். காலையில் பசியாறும்போது நான்கைந்து வரி தட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். இரண்டு பேர் கைகூப்புவார்கள், ஒருவர் பூ அனுப்புவார், மீதிப் பேர் படிக்கிறார்களா என்றே தெரியாது. போன வருஷம் டிசம்பர் மாதம் கிள்ளான் மச்சான் ஒரு பட்டியலைத் தூக்கிப் போட்டார். உங்களுக்கும் வந்திருக்கும். ‘26ஆம் தேதியின் சாபம்’ என்று தலைப்பு, நெருப்புப் படம் ஆறு.

குஜராத் பூகம்பம், 2001 ஜனவரி 26. ஈரானில் பாம் நகரப் பூகம்பம், 2003 டிசம்பர் 26. சுனாமி, 2004 டிசம்பர் 26. மும்பை வெள்ளம், 2005 ஜூலை 26. மும்பைத் தாக்குதல், 2008 நவம்பர் 26. கடைசியில் கிராக்கத்தோவா எரிமலை, 1883 ஆகஸ்ட் 26. பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும், ஏனென்றால் எல்லாமே நடந்தவை, தேதிகளும் ஏறக்குறைய சரி. பொய் சொல்லி மிரட்டினால் பதில் சொல்வது சுலபம். உண்மையைப் பொறுக்கி எடுத்து வரிசையாக அடுக்கி மிரட்டினால் என்ன செய்வது?

நான் செய்தது இதுதான். முதலில் கிராக்கத்தோவா. அது 26ஆம் தேதி பிற்பகலில் குமுற ஆரம்பித்தது உண்மை, ஆனால் உலகமே கேட்ட அந்தப் பெரிய வெடிப்பு 27ஆம் தேதி காலை பத்து மணிக்கு. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் அந்த வெடிப்பு கிளப்பிய அலையில். பட்டியல் போட்டவருக்கு 26 வேண்டும், அதனால் 26ஐ எடுத்துக்கொண்டார். அப்புறம் அவர் போடாதவை. லாத்தூர் பூகம்பம் 1993 செப்டம்பர் 30. காஷ்மீர் 2005 அக்டோபர் 8. ஹெய்ட்டி 2010 ஜனவரி 12. ஜப்பான் 2011 மார்ச் 11. நேபாளம் 2015 ஏப்ரல் 25, ஒரே ஒரு நாளில் தப்பிவிட்டது. வருஷத்தில் பன்னிரண்டு 26 இருக்கிறது. எந்த விபத்தாக இருந்தாலும் முப்பதில் ஒன்று 26இல் விழத்தான் செய்யும். உலகத்தில் நடந்த பேரிடர்களையெல்லாம் ஒரு வாளியில் போட்டுக் கையை விட்டால் 13க்கும் இதே மாதிரி பட்டியல் எடுக்கலாம், 7க்கும் எடுக்கலாம்.

மச்சான் விடவில்லை. “எப்படிடா ஒரே நாள்ல வரும், சொல்லு பாப்போம்” என்றார். அதனால் குழுவில் ஒரு விளையாட்டு வைத்தேன். 57 பேரும் பிறந்த தேதியைப் போடுங்கள், வருஷம் வேண்டாம், நாளும் மாதமும் போதும். பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: 23 பேர் ஓர் அறையில் இருந்தால் அதில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்க ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு, 57 பேர் என்றால் தொண்ணூற்றொன்பது விழுக்காடு. நம்பவே முடியாது, ஆனால் ஆள் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, ஜோடிகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 57 பேரில் 1,596 ஜோடி. அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் குடும்பத்தில் நான்கு ஜோடி கிடைத்தது. பதினைந்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சித்திகள் ஒரே தேதியில் பிறந்திருக்கிறார்கள். குழுவில் அன்றைக்கு ஒரு மாதிரி அமைதி.

டிசம்பர் 26இல் பெரியப்பா மட்டும் தனி ஆள்.

மச்சானுடைய பட்டியலில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியமானது பாமும் சுனாமியும்தான். பாம் பூகம்பம் ஈரான் நேரம் விடிகாலை 5.26க்கு. மண் செங்கல் வீடுகள், எல்லோரும் தூக்கத்தில், சுமார் 26,000 பேர் போய்விட்டார்கள், பெரிய மண்கோட்டை ஒன்று பொடியாகிவிட்டது. சுமத்ரா பூகம்பம் அங்கத்திய நேரம் காலை 7.58க்கு. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் சரியாக ஒரு வருஷத்துக்கு ஒரு மணி நேரம்தான் குறைகிறது. இதைப் போட்டிருந்தால் மச்சானுக்கு இன்னும் நெருப்புப் படம் கிடைத்திருக்கும். நான் போடவில்லை. ஒன்று 6.6 அளவு, நிலத்துக்கு அடியில். மற்றது 9.1, கடலுக்கு அடியில், 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கிழிந்தது. இரண்டுக்கும் நடுவில் காலண்டரைத் தவிர வேறு எந்த உறவும் இல்லை.

காலண்டர் என்றதும் எங்கள் வீட்டு அடுக்களைக் காலண்டரைச் சொல்ல வேண்டும். பெரிய எண், பந்தய நாளில் குதிரைப் படம் போட்டிருக்கும், நம் ஊரில் குதிரைக் காலண்டர் இல்லாத வீடு குறைவு. பந்தயம் பக்கமே போகாதவர்கள் வீட்டிலும் தொங்கும். ஒரு கட்டத்துக்குள் நடுவில் ஆங்கிலத் தேதி, ஓரத்தில் சீனத் தேதி, இன்னோர் ஓரத்தில் இஸ்லாமியத் தேதி, எறும்பு சைஸில் தமிழ்த் தேதி. அதற்கு மேல் அம்மாவின் கையெழுத்து, கேஸ் மாற்றிய நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள். ஒரே நாளுக்கு நான்கு பெயர். அப்படியிருக்க ‘ஒரே தேதி’ என்று நாம் சொல்வது எந்த மூலையில் இருக்கிற தேதியை? தினமும் நாலு வரி போடுகிற எனக்கு இந்தச் சந்தேகம் வந்து ரொம்ப நாளாகிறது.

இரண்டு நாள் முன்பு, 24ஆம் தேதி, குழுவில் நான் போட்டது: பெரியார் மறைவு 1973, எம்.ஜி.ஆர். மறைவு 1987, வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்தது 1524. மூன்று பேரையும் ஒரே வரியில் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. பெரியாருக்கு எங்கள் தாத்தா வீட்டில் படம் இருந்தது, 1929 கடைசியில் அவர் மலாயா வந்தபோது முதலில் இறங்கியதே இந்தப் பினாங்கில்தான். எம்.ஜி.ஆர். இறந்த அன்று எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அம்மா இன்னும் சொல்வார். வாஸ்கோவுக்கு யாரும் அழவில்லை. ஆனால் பாருங்கள், 1524இல் ஐரோப்பாவில் இருந்தது பழைய ஜூலியன் காலண்டர். இன்றைய கணக்குக்கு மாற்றினால் பத்து நாள் தள்ளி, 1525 ஜனவரி 3. அப்படியென்றால் அந்த மூன்றாம் ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

டிசம்பர் 8 இன்னும் மோசம். உலகம் முழுக்க பேர்ல் ஹார்பர் (ஹவாயில் ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளம்) என்றால் 1941 டிசம்பர் 7. பள்ளிப் புத்தகத்தில் ஜப்பான் மலாயாவின் வடகிழக்குக் கரையில் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. பேர்ல் ஹார்பருக்கு அடுத்த நாள் நம்மை அடித்தான் என்று நான் நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கோத்தா பாருதான் முதலில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி. இங்கே நள்ளிரவு தாண்டி 8ஆம் தேதி பிறந்துவிட்டது, ஹவாயில் இன்னும் 7ஆம் தேதி அதிகாலைதான். தேதிக் கோடு நடுவில் இருப்பதால் முந்தி நடந்தது பிந்திய தேதியை வாங்கிக்கொண்டது. அதே 8ஆம் தேதிதான் 1980இல் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னனைச் சுட்டார்கள். அதுவும் நியூயார்க்கில் ராத்திரி, நமக்கு 9ஆம் தேதி ஆகிவிட்டது. கோத்தா பாருவுக்கு மூன்று நாள் கழித்து, 1941 டிசம்பர் 11ஆம் தேதி, பினாங்கில் குண்டு விழுந்தது. விமானம் வருகிறது என்று ஜனங்கள் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றார்கள், அதுதான் சாவை அதிகமாக்கியது. பாட்டி அன்றைக்குச் சூலியா தெருப் பக்கம் போவதாக இருந்து, துணி ஊறப்போட்டதால் போகவில்லையாம். அந்தத் துணியைப் பற்றி நான் குறைந்தது ஐம்பது முறை கேட்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கடிகாரப் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்பத்தில் கடிகாரத்தைப் பன்னிரண்டாக்கிவிட்டார்கள், சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக. அந்த அரை மணி நேரம் இங்கே நடக்கவே இல்லை. அதில் யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை. இரவு ஷிப்டில் இருந்த எங்கள் அப்பா மட்டும் அந்த அரை மணிச் சம்பளம் எங்கே என்று பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது 2004க்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பாவுக்கு 61. முந்திய வருஷம்தான் அறுபதாம் கல்யாணம் செய்திருந்தோம், சுபானு வருஷத்தில் பிறந்தவருக்கு அறுபது வருஷச் சுற்று முடிந்து மறுபடி சுபானு வந்துவிட்டது என்று கோவிலில் குருக்கள் சொன்னார். அந்தச் சடங்கு மூல நட்சத்திரம் பார்த்து 23ஆம் தேதி நடந்தது. அதனால் 26ஆம் தேதியைப் பிள்ளைகள் கேக் வெட்டும் நாளாக மட்டும் வைத்துக்கொண்டோம். ஆயர் ஈத்தாமில் பெரியப்பாவின் பிளாட், பன்னிரண்டாவது மாடி. நான் காலையிலேயே போய்விட்டேன், ஆட்டிறைச்சி வெட்டிக் கொடுக்க. ஒன்பது மணி இருக்கும், சாமி மேடைக்கு முன்னால் தொங்கும் சரவிளக்கு மெல்ல ஆட ஆரம்பித்தது. காற்று இல்லை. பெரியம்மா கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தலை சுற்றுவது போல இருந்தது, காலையில் சாப்பிடாததால் என்று நினைத்தேன். கீழே ஆட்கள் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி தன் கிளிக் கூண்டோடு லிப்டுக்கு ஓடினார். நாங்களும் படியில் இறங்கினோம். அரை மணி நேரம் கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றதும் மேலே வந்து வெங்காயம் நறுக்கினோம். சுமத்ராவில் ஏதோ நிலநடுக்கமாம் என்று யாரோ சொன்னார்கள். சுமத்ராவில் எப்போதும் ஏதாவது நடக்கும்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, சென்னையிலிருந்து பெரியம்மாவின் தங்கை போன் செய்தார். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லத்தான் என்று பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டார். அங்கே ஒரே கூச்சல். “கடல் உள்ள வந்துருச்சுக்கா, பட்டினப்பாக்கம் பூரா தண்ணி, மெரினால நடக்கப் போனவங்களக் காணோம்” என்றார். நாங்கள் புயலா என்று கேட்டோம். புயல் இல்லை, வெயில் அடிக்கிறது என்றார். அதற்கு மேல் லைன் நிற்கவில்லை. பெரியம்மாவின் தம்பி குடும்பம் நாகப்பட்டினத்தில், கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில். அந்த எண்ணுக்கு நான் அடித்தேன், பெரியப்பா அடித்தார், அண்ணன் தன் ஹேண்ட்போனில் அடித்தார். டூ டூ என்று மட்டும் வந்தது. ஆட்டுக்கறி அடுப்பில் அடிப்பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

நாங்கள் எல்லோரும் நாகப்பட்டினத்தை நினைத்துக்கொண்டு அந்த டெலிபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோமே, அந்த நேரத்தில் அலை இன்னும் பினாங்குக்கு வரவே இல்லை. இங்கே வந்தது ஒரு மணிக்கு மேல். சென்னைக்கும் எங்களுக்கும் நடுவில் முழுசாக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. செய்தி வந்துவிட்டது, அலை வரவில்லை. கடற்கரைக்குப் போனவர்களைக் கூப்பிட்டு மேலே வாருங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது, யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும்தான். இந்தியாவில் கடல் பொங்கியது இந்தியாவின் துன்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சுனாமி என்ற வார்த்தையே அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பூகம்பத்தின் மையத்திலிருந்து பினாங்கு ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். சென்னை இரண்டாயிரம். பிறகு எப்படி சென்னைக்கு முதலில்? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. இந்த அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. வங்காள விரிகுடா மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழம், அங்கே மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வரை போகும், ஆகாய விமானம் மாதிரி. மலாக்கா நீரிணை அதோடு பார்த்தால் குட்டை. நூறு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் அதே அலை நம் நெடுஞ்சாலைக் கார் வேகத்துக்கு இறங்கிவிடும். போதாததற்கு நடுவில் சுமத்ரா மலை மாதிரி நிற்கிறது, அதன் வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சுமத்ரா மறைத்ததால்தான் நாம் பிழைத்தோம் என்று சொல்வதும் சரி, அலை மெதுவாக வந்தும் நாம் தப்பவில்லை என்று சொல்வதும் சரி. மலேசியாவில் 68 பேர், அதில் 52 பேர் பினாங்கில். தஞ்சோங் பூங்கா பக்கம் மியாமி பீச், பாலிக் புலாவில் பாசிர் பஞ்சாங், ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் வந்த குடும்பங்கள். கர்னி டிரைவில் தண்ணீர் சுவரைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல்.

பெரியம்மாவின் தம்பி குடும்பம் பிழைத்துவிட்டது. மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஆனால் பெரியப்பாவோடு ஒரே கம்பெனியில் லோரி ஓட்டிய ஒருவரின் மகன், பதினாறு வயது, அன்று மத்தியானம் நண்பர்களோடு கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. காலையில் அந்தப் பையனின் அப்பாதான் பெரியப்பாவுக்கு முதல் ஆளாகப் போன் செய்து வாழ்த்துச் சொன்னவர்.

அதற்குப் பிறகு பெரியப்பா 26ஆம் தேதி கேக் வெட்டவில்லை. சண்டை, அழுகை எதுவும் இல்லை, அடுத்த வருஷம் பெரியம்மா கேட்டபோது “நட்சத்திரத்துக்கு வச்சுக்கலாம்” என்றார், அவ்வளவுதான். நான் பின்னால் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். மார்கழி மூலம் 2003இல் டிசம்பர் 23, ஆனால் அடுத்த முறை ஜனவரி இரண்டாம் வாரம் வரை தள்ளிப்போயிருக்கிறது. அந்தக் கணக்கில் சுனாமி அன்று அவருக்குப் பிறந்தநாளே இல்லை, இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவர் பிறந்தது அமாவாசையை ஒட்டி, சுனாமி வந்தது பௌர்ணமியில், தமிழ் மூலையில் பார்த்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. நடுவில் இருக்கிற பெரிய எண்ணில்தான் ஒன்று.

எனக்கு வியப்பாக இருப்பது வேறு. செத்தவர்களுக்குத் திதி பார்க்கிற ஜனம் நாம். ஆங்கிலத் தேதியில் தேவசம் கொடுத்தால் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் வீட்டை விட்டு விரட்டியிருப்பார். ஆனால் சுனாமிக்கு மட்டும் மார்கழிப் பௌர்ணமி என்று யாரும் வைக்கவில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வருஷா வருஷம் 26ஆம் தேதியே கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூத் தூவுகிறார்கள். இலங்கையில் அதே நாளில் காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறார்கள், அன்று 2004இல் அவர்களுக்குப் போயா விடுமுறை, பௌர்ணமிதான், ஆனால் அவர்களும் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரே நாளில் பல மதத்துக்காரர்களும் பல ஊர்க்காரர்களும் போனதால் எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்த நடு எண்ணே வசதியாகிவிட்டதோ என்னவோ.

இன்று காலை குழுவில் நான் சுனாமியைப் போடவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1898இல் இதே நாளில் பாரிஸில் கியூரி தம்பதி ரேடியம் என்ற புதுத் தனிமம் இருப்பதாக அறிவித்ததைப் போட்டேன். அவர்கள் வேலை செய்தது ஒழுகுகிற ஒரு கொட்டகையில் என்று ஒரு வரி, 1991இல் இதே நாளில் சோவியத் நாடாளுமன்றம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது என்று ஒரு வரி. கிள்ளான் மச்சான் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். நெருப்புப் படம் இல்லை.

பத்து மணிக்குப் பெரியப்பா கூப்பிட்டார். ரேடியம் என்றால் பழைய கடிகாரத்தில் இருட்டில் மின்னுமே அதுவா என்று கேட்டார். அதுதான் என்றேன். அவருடைய அப்பாவிடம் அப்படி ஒரு கைக்கடிகாரம் இருந்ததாம், அவர் பிறந்த ராத்திரி விளக்கில்லாமல் அதில்தான் எட்டரை மணி பார்த்தார்களாம். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. அப்புறம் இந்த வருஷம் மூலம் என்றைக்கு விழுகிறது என்று கேட்டார். காலண்டரில் எழுத்து ரொம்பச் சின்னது பெரியப்பா, கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.